இறங்குவதற்கும் பலம் வேண்டும்

"ஏறுவதுதான் சிரமம், இறங்குவதில் என்ன இருக்கிறது?" என்பது நம்மவர்களில் பெரும்பாலோருடைய அபிப்பிராயம். பழனி மலைப் படிகளில் ஏறும்போது பத்துப் படிக்கு ஒரு தரம் நின்று மூச்சு வாங்குகிறவர்கள், இறங்கும்போது ஊர்க் கதை பேசிக்கொண்டு உல்லாசமாக வருகிறார்கள். மறுநாள் காலையில் தொடை இரண்டும் கல்லாய்க் கனக்க, வீட்டுத் திண்ணையிலிருந்து இறங்குவதற்குச் சுவரைப் பிடித்துக்கொள்ளும்போது, அந்தக் குற்றத்தையும் ஏற்றத்தின் தலையிலேயே சுமத்துகிறார்கள். நாமும் வெகு காலம் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தோம். நம்முடைய அஞ்ஞானம் நீங்கிய இடம் தென்னாப்பிரிக்காவிலுள்ள பீட்டர்மாரிட்ஸ்பர்க் என்னும் பட்டணம்.

அந்தப் பெயர் நேயர்களுக்குப் புதிதாயிராது. 1893-ஆம் வருஷம் ஜூன் மாதம் 7-ஆம் தேதி இரவு, முதல் வகுப்பு டிக்கெட்டு வைத்திருந்த காந்தியடிகளை, நிறத்தைக் காரணங்காட்டி ரயிலிலிருந்து இறக்கிவிட்டது இந்த ஊர் ஸ்டேஷனில்தான். 2014-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம், பத்து நாள் விடுப்பில் நாம் அங்கே போயிருந்தோம். டர்பன் துறைமுகத்திலிருந்து சுமார் 80 கிலோமீட்டர், சாலை மேலே ஏறிக்கொண்டே போகிறது. வழியெல்லாம் மேடும் பள்ளமுமான பச்சைப் பூமி. ஊருக்குள் நுழைந்ததும் செங்கல்லால் கட்டிய நகர மண்டபம் கண்ணைப் பறிக்கிறது. ஆயினும் நம் கால்கள் முதலில் போனது ரயில்வே ஸ்டேஷனுக்குத்தான். அங்கே சிறிது நேரம் ஒன்றும் பேசாமல் நின்றுவிட்டு வந்தோம்.

நாம் தங்கியிருந்தது நார்த்டேல் என்ற பகுதியில், ஒரு தமிழ் அன்பரின் இல்லத்தில். 1860-ஆம் வருஷம் நவம்பர் மாதம் சென்னையிலிருந்து டர்பன் வந்து சேர்ந்த 'ட்ரூரோ' கப்பல்தான் ஒப்பந்தத் தொழிலாளர்களை நேட்டாலுக்கு முதன்முதல் கொண்டுவந்தது. அதற்குப் பின் வந்த கப்பல்களில் ஒன்றில், ஆர்க்காட்டுப் பக்கத்திலிருந்து அன்பரின் முன்னோர் வந்தார்களாம். ஐந்து தலைமுறைகளில் தமிழ் அந்த வீட்டில் மெலிந்துவிட்டது. பேச்செல்லாம் இங்கிலீஷ்தான். அன்பரின் தாயார் மட்டும் பழைய ஆர்க்காட்டுத் தமிழில் சில வாக்கியங்கள் பேசுவார். வீட்டில் எல்லோரும் அவரை 'ஆயா' என்றே அழைத்தார்கள்.

போன அன்றே அந்த வீட்டில் ஒரு வழக்கு நடந்துகொண்டிருப்பதை அறிந்தோம். அன்பரின் மகனுக்குப் பத்தொன்பது வயது. மலைச் சரிவில் சைக்கிளை இறக்கிவிடும் பந்தயத்தில் அவனுக்குப் பைத்தியம். ஆறு மாதத்திற்கு முன் அப்படி இறங்கும்போது விழுந்து தோள்பட்டைக் காறை எலும்பை முறித்துக்கொண்டான். எலும்பு கூடிவிட்டது, டாக்டரும் உத்தரவு கொடுத்துவிட்டார். ஆனால் ஆயா உத்தரவு கொடுக்கவில்லை. சைக்கிளை மோட்டார்க் கொட்டகையில் வைத்துப் பூட்டி, சாவியைப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டுவிட்டார்.

"வாத்தியாரே, நீங்க நாலு புள்ளைங்களைப் பார்த்தவரு. இவனுக்குக் கொஞ்சம் சொல்லுங்க. ஒரு கல்லை விட்டாக்கூட மலையிலேருந்து தானா உருண்டு வரும். அதுல என்னா கெட்டிக்காரத்தனம்?" என்றார் ஆயா.

நியாயமான கேள்வியாகவே நமக்குத் தோன்றியது. அன்பரோ இரண்டு மனத்தோடு இருந்தார். "ஐயா, நான் பையனாக இருந்தபோது இந்த ஊரில் நல்ல விளையாட்டு மைதானம் எல்லாம் வெள்ளைக்காரர்களுக்கே. வேலிக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறேன். 1994-க்குப் பிறகு பிறந்தவன் இவன். எந்த மலையிலும் எவரும் இவனைத் தடுப்பதில்லை. நானே தடுக்கலாமா? ஆனால் மறுபடியும் விழுந்தால்?" என்றார். அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை.

மறுநாள் காலை பையன் நம்மைக் காஸ்கேட்ஸ் என்ற குன்றுக்கு அழைத்துப் போனான். முந்தின வாரந்தான் அங்கே உலகக் கோப்பைப் பந்தயம் நடந்து முடிந்திருந்தது. அதற்கு முந்தைய வருஷம், 2013-இல், உலகச் சாம்பியன் போட்டியே அங்கு நடந்தது. அதில் வென்ற கிரெக் மின்னார் அந்த ஊரிலேயே பிறந்தவர். முடிவை நெருங்கும் சமயத்தில் அவருடைய பின்சக்கரம் பஞ்சராகிவிட்டது. அப்படியும் அரை விநாடிக்கும் குறைவான வித்தியாசத்தில் முதலாவதாக வந்தார். 2003, 2012, 2013, 2021 ஆகிய நான்கு வருஷங்களில் அவர் உலகச் சாம்பியன்.

மேலிருந்து கீழே வருவதற்கு அந்த வீரர்களுக்கு ஆகும் நேரம் சுமார் நான்கே நிமிஷந்தான். பாதையைப் பார்த்தபோது நமக்குத் தலை சுற்றியது. பாறைத் துண்டுகள், மர வேர்கள், மண்ணை வெட்டிச் சாய்த்த வளைவுகள், சைக்கிளோடு ஆகாயத்தில் பறந்து விழவேண்டிய மேடுகள். நடுவிலே மட்டும் ஒரு நீண்ட பகுதி ஏறக்குறையச் சமதளமாக இருந்தது. "இங்கே இளைப்பாறலாம் போலிருக்கிறதே" என்றோம்.

பையன் சிரித்தான். "அங்கிள், இந்தப் பாதையிலேயே மோசமான இடம் இதுதான். இங்கே தானாக உருளாது. மேலே குலுங்கிக் குலுங்கிக் களைத்த காலோடு, உயிரைக் கொடுத்து மிதிக்கவேண்டும். மிதித்து முடித்து மூச்சுத் திணறும்போதே அடுத்த பாறைச் சரிவு வந்துவிடும். பாய்ந்து வருகிற கல்லுக்கு மூச்சு வாங்காது, மனிதனுக்கு வாங்கும்" என்றான்.

பிறகு அவன் ஒரு பரீட்சை வைத்தான். இந்தச் சைக்கிளில் இறங்குகிறவர்கள் ஆசனத்தில் உட்காருவதே இல்லை. இரு மிதிகளும் ஒரே மட்டத்தில் இருக்க, குதிகாலைத் தாழ்த்தி, முழங்காலையும் முழங்கையையும் மடக்கி, இடுப்பைப் பின்னுக்குத் தள்ளிக் குனிந்து நிற்கவேண்டும். சைக்கிளின் முன்பக்கத்திலே சுமார் 20 சென்டிமீட்டர் அமுங்கி எழும் வில்லமைப்பு உண்டு. ஆனாலும் எஞ்சிய அதிர்ச்சியை எல்லாம் தாங்குவது மனிதனுடைய கையும் காலுந்தான். அந்த நிலையில், சைக்கிளே இல்லாமல், வெறும் தரையில் நான்கு நிமிஷம் நிற்கும்படி நம்மிடம் சொன்னான். ஒரு நிமிஷம் ஆவதற்குள் நம் தொடைகள் நடுங்கத் தொடங்கின. ஒன்றரை நிமிஷத்தில் நாம் புல்தரையில் உட்கார்ந்துவிட்டோம். மார்பு படபடவென்று அடித்துக்கொண்டது. ஒரு மிதிகூட மிதிக்காமலே இந்தப் பாடு!

அப்போதுதான் அவன் உண்மையைச் சொன்னான். "போன தடவை நான் விழுந்தது வித்தை தெரியாததனால் இல்லை, அங்கிள். தேகப் பயிற்சி செய்யவில்லை. இறங்கத்தானே போகிறோம் என்று நானும் ஆயாவைப்போலவே நினைத்தேன். அன்று அது ஐந்தாவது தடவை. முன்கை மரத்துப்போய்க் கட்டை மாதிரி வீங்கிவிட்டது. பிரேக்கை அழுத்த விரல் வரவில்லை."

இறுக்கிப் பிடித்த பிடியில் முன்கைத் தசைகள் தளரவே இடமில்லாமல் போகும்போது, அங்கே ரத்த ஓட்டம் தடைப்பட்டு விரல்கள் சொன்னபடி கேட்காமற் போகின்றன. ஆகையால் அவன் இப்போது தினந்தோறும் இரண்டு வாளிகளில் தண்ணீர் நிறைத்துக்கொண்டு கொல்லைப்புறத்தில் நடக்கிறான். மரக்கிளையில் தொங்குகிறான். தோளுக்கும் மார்புக்கும் தண்டால், தொடைக்குப் பஸ்கி. நம் ஊர்ப் பயில்வான்கள் செய்யும் அதே பயிற்சிகள், வேறு பெயரில். முதுகும் இடுப்பும் வலுப்பெற, முதுகை வளைக்காமல் கனத்த பாரத்தைத் தரையிலிருந்து தூக்குகிறான். வாரம் இரண்டு நாள் சமதளத்தில் முப்பது விநாடி வெறிகொண்டாற்போல் மிதிப்பது, பிறகு இளைப்பாறுவது, மறுபடி மிதிப்பது. ஒரு நாள் நீண்ட தூரம் நிதானமாகச் செல்வது. ஒரு நாள் பூரண ஓய்வு. விழுந்தால் கையை ஊன்றாமல் உருளுவதற்கும் புல்தரையில் பழகுகிறான். தோள் நேராகத் தரையில் மோதுவதனால்தான் காறை எலும்பு பெரும்பாலும் முறிகிறது.

எல்லாவற்றிலும் நமக்கு விசித்திரமாய்த் தோன்றியது, வாசற்படியிலிருந்து ஒற்றைக் காலால் மிக மெதுவாக இறங்கும் பயிற்சி. தசை சுருங்கிக்கொண்டே வேலை செய்வது ஒரு விதம். நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்குவது மற்றொரு விதம். ஏறும்போது முன்னது, இறங்கும்போது பின்னது. பின்னதில்தான் தசை நார்களுக்குச் சேதம் அதிகம். அடுத்த இரண்டு நாள் வலிப்பதும் அதனாலேதான். ஆனால் சிறிது சிறிதாகப் பழக்கிய தசை மறுமுறை அவ்வளவு நோவதில்லை. பழனிப் படிகளின் ரகசியம் நமக்கு நேட்டாலில் விளங்கியது!

இந்த ரகசியம் அந்த ஊராருக்குப் பழக்கமானதுதான். 1921-ஆம் வருஷம் தொடங்கிய 'காம்ரேட்ஸ்' என்னும் நெடுந்தூர ஓட்டம், மாரிட்ஸ்பர்க்குக்கும் டர்பனுக்கும் இடையே சுமார் 90 கிலோமீட்டர் நடப்பது. பெரும்பாலும் ஒரு வருஷம் ஏற்றமாக ஓடினால் மறு வருஷம் இறக்கமாக ஓடுவார்கள். 2014-இல் இறக்க ஓட்டம். இரண்டிலும் ஓடிய பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர், "ஏற்றம் மூச்சை வாங்கும், இறக்கம் காலை வாங்கும்" என்றார்.

ஆனால் இவையெல்லாம் ஆயாவுக்குச் செல்லுபடியாகவில்லை. தசை நாரைப் பற்றி நாம் செய்த உபந்நியாசத்தைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சாவி குடுக்கமாட்டேன்" என்றார்.

அடுத்த நாள் புனித வெள்ளி. அன்று அந்த ஊர்ச் சிவசுப்பிரமணியர், மாரியம்மன் ஆலயத்தில் தீமிதி. தோட்டங்களில் பாடுபட்ட முன்னோருக்கு ஓய்வு கிடைத்த நாள் அதுவாகையால் அந்த வழக்கம் ஏற்பட்டதென்று சொல்கிறார்கள். நாமும் குடும்பத்தாரோடு சென்றிருந்தோம். மஞ்சள் ஆடை உடுத்தவர்கள் ஒருவர்பின் ஒருவராகத் தணலைக் கடந்து போனார்கள். ஆயாவும் இளமையில் பல தடவை மிதித்தவராம்.

"விரதம் இல்லாமல் மிதித்தால் என்ன ஆகும், ஆயா?" என்று கேட்டோம்.

"அப்படிச் செய்யவே கூடாது. விரதமில்லாதவன் குழியில இறங்கலாமா?" என்றார் அவர், சற்றுக் கோபமாகவே.

ஆயாவின் வார்த்தை நம்மைத் தூக்கிவாரிப் போட்டது. குழியைக் 'கடப்பது' என்று நம்மவர்கள் சொல்வதில்லை. 'இறங்குவது' என்றுதான் சொல்கிறோம். இறக்கத்திற்கு முன்னேற்பாடு வேண்டுமென்பதை நம்முடைய பாஷையே சொல்லிக்கொண்டிருந்தது. நமக்குத்தான் காது கேட்கவில்லை.

"உங்கள் பேரன் செய்வதும் விரதந்தான், ஆயா. போன தடவை விரதமில்லாமல் இறங்கினான், விழுந்தான். இந்தத் தடவை விரதம் முடியுமட்டும் சாவி உங்களிடமே இருக்கட்டும். முடிந்ததா இல்லையா என்று நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்" என்றோம்.

ஆயா நெடுநேரம் தணலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "எத்தினி நாளு?" என்று கேட்டார்.

"மூன்று மாதம்" என்றான் பையன்.

"ஒரு நாள் தப்பினாலும் மறுபடி முதல்லேருந்து" என்றார் ஆயா.

நாம் ஊருக்குப் புறப்பட்ட காலையில் ஒரு காட்சி கண்டோம். பையன் வாசற்படியில் ஒற்றைக் காலால் மெள்ள மெள்ள இறங்கிக்கொண்டிருந்தான். எதிரே நாற்காலியில் ஆயா. சாவி தலைப்பிலேயே இருந்தது. தம்முடைய பழைய தமிழில், "ஒண்ணு... ரெண்டு... மூணு..." என்று எண்ணிக்கொண்டிருந்தார். அவசரப்பட்டுப் பொத்தென்று காலை வைத்தபோதெல்லாம் எண்ணிக்கையை நிறுத்தினார். பையனும், ஒரு வார்த்தை பேசாமல், மேலே ஏறி மறுபடி இறங்கினான்.