சுவரின் ஓசை

பார்க்கூர் என்னும் சொல்லை நான் வீட்டில் முதன்முதலில் சொன்னபோது, அது பெங்களூரில் விற்கும் ஏதோ ஒரு தின்பண்டம் என்று எங்கள் ஆயா எண்ணிக்கொண்டார். சுவரைத் தாண்டுவதும், திட்டிலிருந்து திட்டுக்குத் தாவுவதும், விழ நேர்ந்தால் அடிபடாமல் உருண்டு எழுவதும்தான் பார்க்கூர் என்று விளக்கினேன். "எங்கள் காலத்தில் பிள்ளைகள் இதைச் செய்தால் முதுகில் இரண்டு வைப்பார்கள். இதற்கு ஒரு வகுப்பா?" என்றார். இதைக் கற்றுக்கொடுக்கும் பயிற்றுநர் ஆவதற்குத் தேர்வும் சான்றிதழும் உண்டு என்று நான் கூறியதும், அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

எங்கள் ஊர் கோலார் தங்கவயல். கர்நாடக மாநிலத்தில், பெங்களூருக்குக் கிழக்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. 1880 ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் என்னும் ஆங்கிலேய நிறுவனம் இங்கே தங்கம் தோண்டும் பணியில் இறங்கியது. பாறையைக் குடைய ஆட்கள் தேவைப்பட்டனர். வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் தமிழ்க் குடும்பங்கள் வந்து குடியேறின. என் தாத்தாவின் தந்தையும் அவ்வாறு வந்தவரே. 'லைன்' என்று நாங்கள் அழைக்கும் வரிசை வீடுகளில் இன்றும் தமிழே பேச்சுமொழி. கடைத்தெருவுக்குப் போனால் கன்னடமும் தெலுங்கும் தாமாக நாவில் வந்து சேரும். சாம்பியன் ரீஃப் சுரங்கம் தரைக்குக் கீழே 3 கிலோமீட்டருக்கும் மேல் இறங்கியது. 1902 ஆம் ஆண்டிலேயே சிவசமுத்திரம் அருவியிலிருந்து மின்சாரம் எங்கள் ஊருக்கு வந்துவிட்டது. பெங்களூருக்கு அதற்குப் பின்னர்தான் வந்தது என்பதைச் சொல்லாமல் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் எந்தப் பேச்சையும் முடிப்பதில்லை. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன்பின் ஊரில் பாதிப் பேருக்கு மாரிக்குப்பத்திலிருந்து விடியற்காலையில் புறப்படும் பெங்களூர் ரயிலே பிழைப்பாகிவிட்டது. என் வேலையும் அந்த ரயிலின் மறுமுனையில்தான் இருந்தது.

தாத்தா சுரங்கத்தினுள் வேலை பார்த்தவர். மாலையில் திண்ணையில் உட்கார்ந்து அவர் கூறிய கதைகளில் தங்கத்தைப் பற்றிய செய்தி மிகவும் குறைவு. பாறையைப் பற்றியதே மிகுதி. வெடிவைத்த பிறகு அந்த இடத்துக்குள் நுழையும்போது, எவரும் உடனே வேலையைத் தொடங்கிவிட மாட்டார்கள். நீண்ட இரும்புக் கம்பியால் மேற்பாறையை முதலில் தட்டுவார்கள். உறுதியான பாறை கணீரென்று ஒலிக்கும். உள்ளே பிளவுபட்ட பாறை, ஈரமான மத்தளத்தைப் போல மந்தமாக ஒலிக்கும். மந்தமாக ஒலித்ததை நெம்பிக் கீழே தள்ளிய பின்புதான் அதன் அடியில் மனிதன் நிற்கலாம். தட்டும்போது அனைவரும் வாய் மூடி நிற்க வேண்டும் என்பார் தாத்தா.

ஆழத்தில் வேறோர் ஆபத்தும் இருந்தது. மேலுள்ள மலையளவு பாரத்தைத் தாங்க முடியாமல் பாறை திடீரென்று வெடித்துச் சிதறும். எங்கள் ஊரில் அதற்கு 'ஏர் பிளாஸ்ட்' என்று பெயர். அந்த அதிர்வில் மேலே லைன் வீடுகளில் அடுக்கிய பாத்திரங்கள் உருண்டு விழும் என்றும், உடனே பெண்கள் சுரங்க வாயிலை நோக்கி ஓடுவார்கள் என்றும் ஆயா சொல்வார். "தட்டினால் சொல்லும் பாறையும் உண்டு, சொல்லாத பாறையும் உண்டு. சொல்வதையாவது கேட்க வேண்டாமா?" என்று தாத்தா கூறியது என் நினைவில் நிற்கிறது.

பார்க்கூரும் இத்தகைய ஆபத்தின் நடுவிலிருந்து பிறந்ததுதான் என்பது எனக்குப் பின்னால்தான் தெரியவந்தது. திரைப்படங்களில் மாடிக்கு மாடி பாய்பவர்களைப் பார்த்து, இது துணிச்சல்காரர்களின் விளையாட்டு என்றே பலரும் கருதுகிறார்கள். அதன் வேர் வேறிடத்தில் உள்ளது. ஜார்ஜ் ஹெபர் என்னும் பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி, 1902 இல் மார்ட்டினிக் தீவில் பெலே எரிமலை வெடித்துச் சென் பியர் நகரமே அழிந்தபோது மீட்புப் பணியில் ஈடுபட்டார் என்பர். ஓடுதல், ஏறுதல், தாவுதல், சுமத்தல், நீந்துதல் ஆகிய இயல்பான அசைவுகளைக் கொண்டே உடலைப் பழக்கும் முறை ஒன்றை அவர் பின்னர் வகுத்தார். பிறருக்குப் பயன்படுவதற்காகவே ஒருவர் வலிமை பெற வேண்டும் என்பது அவருடைய கொள்கை. பிரெஞ்சுப் படையினரின் தடைதாண்டும் பயிற்சி அவருடைய முறையை ஒட்டி வளர்ந்தது. வியட்நாமில் பிறந்து, சிறுவயதிலேயே பெற்றோரைப் பிரிந்து, ராணுவப் பள்ளியில் வளர்ந்த ரேமோன் பெல் அத்தகைய பயிற்சியைத் தற்காப்புக்காகத் தனியே செய்தார். பின்னாளில் அவர் பாரிஸ் தீயணைப்புப் படையில் சேர்ந்து மீட்பு வீரரானார். அவருடைய மகன் டேவிட் பெல்லும் நண்பர்களும் பாரிசை அடுத்த லிஸ் என்னும் ஊரின் சுவர்களிலும் படிக்கட்டுகளிலும் பழகிப் பழகி உருவாக்கியதே இன்றைய பார்க்கூர். பாதை என்னும் பொருளுடைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து அதன் பெயர் வந்தது.

2017 இல் பிரிட்டன் இதனை விளையாட்டாக அங்கீகரித்தது. 2022 இல் டோக்கியோவில் உலகப் போட்டியே நடந்தது. போட்டி வைப்பதால் இதன் இயல்பு கெடும் என்று வாதிடுபவர்களும் உள்ளனர். என் மனம் அவர்கள் பக்கமே சாய்கிறது. கடிகாரத்தை வைத்துக்கொண்டு தாண்டுபவர் சுவரைப் பார்ப்பதைவிட எண்களையே மிகுதியாகப் பார்ப்பார்.

பெங்களூரில் வார இறுதிகளில் நான் பயிற்சி பெற்றேன். முதல் மூன்று மாதங்கள் தாவலே இல்லை. தரையிறங்குவது மட்டுமே பாடம். முழங்கால் உயரத் திட்டிலிருந்து குதிக்க வேண்டும், முன்பாதம் முதலில் தரையைத் தொட வேண்டும், முழங்கால்கள் மடிந்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்ள வேண்டும், ஓசை எழக்கூடாது. ஓசை எழுந்தால், உடல் வாங்கியிருக்க வேண்டிய அடியை எலும்பு வாங்கிவிட்டது என்று பொருள். அடுத்து உருளல். தலைகீழாக நேரே உருண்டால் முதுகெலும்பு தரையில் மோதும். ஆகவே ஒரு தோளில் தொடங்கி, முதுகின் குறுக்காக, எதிர்ப்புற இடுப்பு வழியே உருண்டு எழ வேண்டும். கப்பன் பூங்காவின் புல்லில் இதனை எத்தனை நூறு முறை செய்தேன் என்று எண்ணவில்லை. திங்கட்கிழமை ரயிலில் இருக்கையில் சாய்ந்தமரவும் முடியாது.

தாவுவதற்குக் கற்பது ஒன்று, கற்பிக்கத் தகுதி பெறுவது மற்றொன்று. பிரிட்டனில் உருவான 'அடாப்ட்' என்னும் சான்றிதழ் முறையில் முதல் நிலை தேறியவர் உதவிப் பயிற்றுநர் மட்டுமே. மூத்த பயிற்றுநர் ஒருவரின் மேற்பார்வையில்தான் அவர் கற்பிக்கலாம். இரண்டாம் நிலையில் தேறியவரே தனித்து வகுப்பு நடத்தலாம். நான் பயின்ற பாடத்திட்டமும் இந்த ஒழுங்கையே பின்பற்றியது. முதல் நிலை முடித்ததும் லைன் பிள்ளைகள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "எங்களுக்கு எப்போது, அக்கா?" என்று ஞாயிறுதோறும் கேட்டார்கள். அப்போது அவர்களுக்கு நான் எதையும் கற்றுக்கொடுக்கவில்லை. இரண்டு ஆண்டுகள் பெங்களூரில் ஒரு மூத்த பயிற்றுநருக்கு உதவியாக இருந்தேன். அந்தக் காலத்தில் சில பிள்ளைகள் வளர்ந்து வேலைக்கே போய்விட்டார்கள். அது எனக்கு இன்றும் வருத்தம்தான். ஆயினும் அந்த விதி சரியானது என்றே எண்ணுகிறேன்.

அந்த இரண்டு ஆண்டுகளில் கற்றவற்றுள் மிகவும் பயன்பட்டது குழந்தைகளின் எலும்பைப் பற்றிய பாடம். வளரும் பிள்ளைகளின் நீண்ட எலும்புகளுடைய முனைகளில் குருத்தெலும்பால் ஆன வளர்தட்டு உண்டு. எலும்பு நீள்வது அங்கேதான். பதின்ம வயதின் இறுதியில்தான் அது முற்றிலும் கெட்டிப்படும். அதுவரை மற்றப் பகுதியைவிட மென்மையாக இருக்கும். உயரத்திலிருந்து குதிக்கும்போது உடல் எடையைப்போல் பல மடங்கு விசை அதன்மேல் இறங்கும். பத்து வயதுச் சிறுவனால் தன் தலை உயரத்திலிருந்து குதிக்க முடியும். அதனாலேயே அவனைக் குதிக்க விடலாம் என்று ஆகிவிடாது.

இரண்டாம் நிலைத் தேர்வில் எழுத்துத் தாளும் உடற்தேர்வும் இருந்தன. முதலுதவியில் நிமிடத்துக்கு 100 முதல் 120 வரை மார்பை அழுத்தும் வேகத்தையும் செய்து காட்ட வேண்டியிருந்தது. இவை கடினமாக இல்லை. நான் அஞ்சியது கற்பித்தல் தேர்வுக்குத்தான். முன்பின் அறியாத பன்னிருவரை என்னிடம் ஒப்படைத்து, ஓர் இடத்தைக் காட்டி, அங்கே வகுப்பு நடத்தச் சொன்னார்கள். அவர்களுள் ஒருவர் எதற்கும் அஞ்சுபவர். மற்றொருவர் எதற்கும் அஞ்சாதவர். வகுப்பைத் தொடங்குமுன் இடத்தைச் சுற்றிப் பார்க்கச் சில நிமிடம் தந்தார்கள். உடைந்த கண்ணாடி, ஈரம், ஆணி ஆகியவற்றைத் தேடினேன். பிறகு ஒரு கல்லை எடுத்து, மாணவர்கள் தாண்ட வேண்டிய சிறு சுவரின் மேல் வரிசையை ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை தட்டிக்கொண்டே சென்றேன். ஓரிடத்தில் ஓசை மாறியது. கையால் அசைத்தேன், கல் ஆடியது.

தேர்வாளர் குறிப்பேட்டிலிருந்து தலை நிமிர்ந்தார். "இதை எங்கே கற்றீர்கள்? எங்கள் பாடத்தில் கையால் அசைத்துப் பார்க்கத்தானே சொல்கிறோம்" என்றார். தாத்தாவைப் பற்றி இரண்டு வாக்கியங்களில் சொன்னேன். அவர் ஏதோ எழுதிக்கொண்டார். அந்தப் பகுதியைச் சுண்ணக்கட்டியால் குறித்து விலக்கிவிட்டு, மற்றப் பகுதியில் வகுப்பை நடத்தினேன். அஞ்சியவர்க்குத் தரையில் கோடு கிழித்துத் தாவச் சொன்னேன். அஞ்சாதவர்க்கு அதே கோட்டை ஓசையின்றித் தாவும் வேலையைக் கொடுத்தேன். அதில் அவர் திணறினார்.

சான்றிதழோடு ஊருக்கு வந்தேன். லைனை ஒட்டிய திடலில் ஞாயிறு காலை வகுப்பு தொடங்கியது. பழைய டயர், மணல் நிரப்பிய கோணிப்பை, செங்கல், சுண்ணக்கட்டி ஆகியவையே எங்கள் கருவிகள். எங்கள் ஊருக்கு விளையாட்டு புதிதன்று. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் ஓடிய கென்னத் பவல் இந்தத் தங்கவயலைச் சேர்ந்தவர். அவரும் வேலை தேடிப் பெங்களூர் சென்றவர்தான். ஆனாலும் தாய்மார்கள் எளிதில் இசையவில்லை. "விழுந்தால் யாரம்மா பார்ப்பது? இவன் அப்பா ராத்திரி ஒன்பது மணிக்குத்தான் ரயிலிலிருந்து இறங்குவார்" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. முதல் மாதம் முழுவதும் வகுப்பைப் பார்க்க அவர்களையும் அழைத்தேன். பிள்ளைகள் தரையில் மட்டுமே உருண்டதைக் கண்டு, "இவ்வளவுதானா?" என்று அவர்களே சலித்துக்கொண்டார்கள்.

எங்கே பயில்வதில்லை என்பதையும் முதல் நாளே சொல்லிவிட்டேன். ஊரைச் சுற்றிச் சயனைடு மேடுகள் இருக்கின்றன. தங்கத்தைப் பிரித்தெடுத்த பின் கொட்டிய அரைத்த பாறைத் தூள் மலைகளாகக் குவிந்து கிடக்கிறது. விழுந்து பழக அதைவிட மென்மையான இடம் கிடைக்காது என்று பிள்ளைகளுக்குத் தோன்றும். அந்தத் தூளில் வேதிப்பொருள்களின் எச்சம் உள்ளது. காற்றடித்தால் மூச்சோடு உள்ளே போகும். கைவிடப்பட்ட சுரங்க வாயில்களின் பக்கமும் போகக்கூடாது.

ஒரு சிறுவன் இந்த இரண்டாவது விதியோடு மோதினான். பதின்மூன்று வயது. என்னைவிட நீளமாகத் தாவுவான். உடல் அவன் சொன்னபடி கேட்கும். பாழடைந்த சுரங்கக் கட்டடம் ஒன்றின் இரு சுவர்களுக்கிடையே தாவி, அதைப் படம்பிடித்து அனைவருக்கும் காட்ட விரும்பினான். 'கூடாது' என்று மட்டும் சொல்லி அனுப்பினால் நான் இல்லாத நாளில் போவான் என்று தெரியும். ஆகவே வேலிக்கு வெளியே, சாலையோரம் நீண்டிருந்த அதே சுவரின் அடிப்பகுதிக்கு அவனை அழைத்துச் சென்றேன். கல்லால் தட்டச் சொன்னேன். நூறாண்டு மழையில் சுண்ணாம்புக் காரை கரைந்துபோயிருந்தது. தட்டத் தட்ட மண் உதிர்ந்தது.

"ஆனாலும் நான் தாண்டிவிடுவேன், அக்கா."

"நீ தாண்டுவாய். அது தாங்காது" என்றேன்.

அவன் முகம் கொடுக்காமல் போய்விட்டான். அடுத்த மூன்று ஞாயிறும் வரவில்லை. அந்த மூன்று வாரமும் ரயிலிலிருந்து இறங்கியதும் அந்தக் கட்டடத்தின் பக்கமாகச் சுற்றிக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன். தேர்வுக்காகப் படித்த எந்த நூலிலும் இந்த நடையைப் பற்றி எழுதியிருக்கவில்லை. நான்காம் வாரம், எதுவும் சொல்லாமல் வந்து வரிசையின் கடைசியில் நின்றான். நானும் எதுவும் கேட்கவில்லை.

இப்போது செங்கல் சுமப்பதும், சிறியவர்களை வரிசையில் நிறுத்துவதும் அவன் வேலை. உதவிப் பயிற்றுநர் தேர்வை எந்த வயதில் எழுதலாம் என்று இரண்டு முறை கேட்டுவிட்டான். கடந்த வாரம் திடலின் ஓரத்துத் திட்டைத் தாண்டச் சிறுமியர் இருவர் நின்றிருந்தனர். அவன் அவர்களைக் கையால் தடுத்துவிட்டு முன்னே சென்றான். ஒரு கல்லை எடுத்து மேல் வரிசையை ஒவ்வொரு செங்கல்லாகத் தட்டிக்கொண்டே வந்தான். பேசிக்கொண்டிருந்த பிள்ளைகளை ஒருமுறை முறைத்தான், அவர்கள் அடங்கினர். ஆறாவது செங்கல்லில் நின்று மீண்டும் தட்டினான். குனிந்து காதை வைத்தான்.

"அக்கா, இங்கே வந்து கேளுங்கள்" என்றான்.