வீடியோ வெட்டி ஒட்டிய கதை - ஒரு கத்துக்குட்டியின் புலம்பல்

ஆச்சி தவறி, பதினாறாம் நாள் காரியத்துக்கு நாலு நாள் இருக்கும்போது அம்மா சொன்னாங்க. "தம்பி, ஆளாளுக்கு போன்ல ஆச்சிய எடுத்து வச்சிருக்காங்கல்ல, எல்லாத்தையும் ஒண்ணாச் சேத்துக் குடுப்பா. வர்ற சனம் பாக்கட்டும்." வீட்டில் கம்ப்யூட்டர் தெரிந்த ஒரே ஆள் அடியேன்தான். தெரிந்தது எக்செல் மட்டும் என்பது வேற விஷயம் :-)

ஒரு காலத்தில் விண்டோஸோடயே மூவி மேக்கர் வந்துச்சு. 2017 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் அதற்கு மங்களம் பாடிட்டாங்க. சரின்னு கூகுளாண்டவரைக் கேட்டு, 'இலவசம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்த ஒன்றை இறக்கினேன். பேர் வேண்டாம், விடுங்க. ரெண்டு ராத்திரி கண்முழிச்சு, 11 நிமிஷப் படத்தை முடிச்சு, எக்ஸ்போர்ட் பண்ணிப் பார்த்தா... ஆச்சி முகத்துக்குக் குறுக்கே கம்பெனி பேர்! அதை எடுக்கணும்னா காசு கட்டணுமாம். உள்ளே போறது இலவசம், வெளியே வரத்தான் டிக்கெட்!

மறுநாள் ஷாட்கட் இறக்கினேன். ஓப்பன் சோர்ஸ். காசும் இல்லை, முத்திரையும் இல்லை. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூணிலும் ஓடும். ஓப்பன்ஷாட், கேடென்லைவ் ரெண்டும் இதே ஜாதிதான். டாவின்சி ரிசால்வுக்கும் இலவசப் பதிப்பு உண்டு, ஆனா நல்ல கிராஃபிக்ஸ் கார்டு கேட்கும். நம்ம பழைய லேப்டாப் தாங்காது. மேக் வச்சிருக்கும் புண்ணியவான்களுக்கு ஐமூவி சும்மாவே கிடைக்கும்.

எனக்குத் தேவைப்பட்டது மூணே வேலை. டைம்லைனில் போடணும், 'எஸ்' தட்டி வெட்டணும், எக்ஸ்போர்ட் பண்ணணும். ஒரே ஒரு விஷயம், போன் வீடியோக்களில் ஃபிரேம் வேகம் ஏறி இறங்கும். அப்படியே வெட்டினா உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம் போயிடலாம். அந்த மாதிரி கோப்பைப் போட்டா, மாத்திக்கட்டுமான்னு ஷாட்கட்டே கேட்கும். சரின்னு சொல்லிடுங்க.

காரியத்துக்கு முந்தின நாள் அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். ஆச்சி இருமுறது, "இதையா புடிக்க? போய்ச் சோறு தின்னுல"ன்னு என்னை விரட்டுறது எல்லாத்தையும் கடைசித் துண்டில் நீட்டா நறுக்கியிருந்தேன்.

"ஏம்ப்பா, ஒன்னைய ஏசுவாளே, அது எங்க?"

நல்லவேளை, இந்த மென்பொருள்கள் அசல் வீடியோவைத் தொடாது. எங்கே வெட்டினோம் என்கிற குறிப்பை மட்டும்தான் சேமிக்கும். துண்டோட ஓரத்தைப் பிடிச்சு இழுத்தேன். ஆச்சி திரும்ப வந்து, இருமி, ஏசினா. அம்மா ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல.

ஆகவே மக்களே, எதை இறக்கினாலும் முதல்ல ஒரு நிமிஷ வீடியோவை வெட்டி, எக்ஸ்போர்ட் பண்ணி, முழுசா ஓடவிட்டுப் பாருங்க. அதுக்கப்புறம் கண்முழிங்க. முக்கியமா, அசல் கோப்புகளை அழிச்சிடாதீங்க.

டிஸ்கி: காரியத்தன்னைக்கு எல்லாரும் திரும்பப் போடச் சொன்னது அந்தக் கடைசித் துண்டைத்தான்.