எரிமலைக் காட்டில் ஒரு மணி நேரம்

ஆப்பிரிக்காவில் நம் கேரளத்தைவிடச் சிறிய நாடு ருவாண்டா. அதன் வடமேற்கு மூலையில் ஐந்து எரிமலைகள் வரிசையாக நிற்கின்றன. பயப்படாதீர்கள், ஐந்துமே உறங்குகிறவைதான்! உயரமானது கரிசிம்பி, 4,507 மீட்டர். இவற்றின் சரிவில் சுமார் 160 சதுர கிலோமீட்டர் மழைக்காடு. அதுதான் எரிமலைகள் தேசியப் பூங்கா. தலைநகர் கிகாலியிலிருந்து காரில் இரண்டரை மணி நேரம்.

மலைக் கொரில்லாவைப் பார்க்கத்தான் நானும் அக்காவும் போனோம். ஒரு கொரில்லாக் குடும்பத்தை ஒரு நாளில் எட்டுப் பேர்தான் பார்க்கலாம், அதுவும் ஒரே ஒரு மணி நேரம். கட்டணம் 2017 முதல் 1,500 டாலர். பல வருஷச் சேமிப்பு அது!

புறப்படும் நாள் காலையில் அக்காவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. ஜலதோஷம் உள்ளவர்கள் காட்டுக்குள் போகக்கூடாது என்பது விதி. கொரில்லாவுக்கும் நமக்கும் மரபணுக்களில் சுமார் 98 சதவீதம் ஒன்றுதான். நமக்கு இரண்டு தும்மலோடு போகிற சளி, அவற்றின் உயிரையே வாங்கிவிடும். வாய் திறக்காமல் இருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் அக்கா, "நீ போடி. என்னால ஒரு குட்டிக்கு ஏதாவது ஆச்சுன்னா, அந்தப் பாவம் வேண்டாம்" என்று விடுதியிலேயே தங்கிவிட்டாள்.

கினிகியில் ஏழு மணிக்கு எங்களைக் குழு பிரித்தார்கள். உருளைக்கிழங்கு வயல்களைத் தாண்டினால் எருமைகளைத் தடுக்கும் கல் மதில். அப்புறம் மூங்கில் காடு. முழங்கால் வரை சேறு. நம் ஊர்ச் செந்தட்டி போல் அரிக்கும் செடிகள் வேறு. முழுக்கைச் சட்டை, கையுறை, மழைக்கோட்டு கட்டாயம் வேண்டும். பை தூக்க உள்ளூர் ஆள் வைத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கும் பிழைப்பு, நமக்கும் மூச்சு வாங்காது.

இரண்டு மணி நேரம் ஏறியதும் வழிகாட்டி தொண்டையைக் கனைப்பதுபோல் மெல்ல உறுமினார். 'நாங்கள் நண்பர்கள்' என்று கொரில்லா பாஷையில் சொல்வதாம்! முகக்கவசம் அணிந்து, பத்து மீட்டர் தள்ளி நின்றோம். முதுகு வெளுத்த தலைவர் காட்டுக் கீரையைச் சாவகாசமாக மென்றுகொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு தாய், மார்போடு குட்டியை அணைத்துப் பால் கொடுத்தது. மூன்று நான்கு வருஷம் பால் குடிக்குமாம். நாலு வருஷத்துக்கு ஒரு குட்டிதான். ஒன்று போனால் எவ்வளவு பெரிய நஷ்டம், பாருங்கள்!

1980களில் விருங்கா மலைகளில் சுமார் 250 கொரில்லாக்களே மிஞ்சியிருந்தன. 1967ல் இங்கே ஆய்வைத் தொடங்கிய டயான் ஃபாஸி என்ற அமெரிக்கப் பெண்மணி, வேட்டைக்காரர்களோடு போராடி, 1985ல் இங்கேயே கொலையுண்டார். காவலர்களின் ரோந்து, காட்டுக்குள்ளேயே வந்து மருந்து கொடுக்கும் கால்நடை மருத்துவர்கள், கட்டண வருமானத்தில் அக்கம்பக்கத்துக் கிராமங்களுக்கு ஒரு பங்கு — இத்தனையும் சேர்ந்து 2015-16 கணக்கெடுப்பில் அங்கே 604 ஆக உயர்த்தின.

கொரில்லாக் குட்டிக்குப் பத்து மீட்டர் இடைவெளி விடுகிறோம். நம் வீட்டிலோ, சளியும் இருமலுமாக வருகிறவர்களும் பச்சைக் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சுகிறார்கள். தடுத்தால் கோபம் வருகிறது. அடுத்த முறை அப்படி யாராவது கை நீட்டினால், தயங்காமல் சொல்லுங்கள்: "சளி விட்டதும் வாங்க, ஆசை தீரத் தூக்கிக்கலாம்!"