உத்திரம் ஈந்த பரிசில்

இசைவாணருக்கு மரத்தாற் செய்து ஈயத்தக்க பரிசில் யாதென வினவுவார்க்கு எம் பட்டறிவொன்றைக் கூறுவோம்.

நாதசுரத்தின் உடல் ஆச்சா மரத்தாலாவது. பச்சை மரம் அதற்கு உதவாது. பல பத்தாண்டுகள் உலர்ந்த மரமே வெடிப்பின்றிக் கடைசலுக்கு நிற்கும். ஆதலின், 2022இல் புவிசார் குறியீடு பெற்ற நரசிங்கம்பேட்டை நாதசுரத்தைச் செய்யும் ஆசாரிமார், பழைய வீடுகளின் மரங்களை நாடுவர்.

எம் பாட்டனாரின் இல்லத்தைப் பிரித்தபோது ஆச்சா உத்திரமொன்று கிடைத்தது. மரவணிகர் நல்விலை கூறினார். எம் மாணவன் ஒருவனோ இரவற் கருவியில் நாதசுரம் பயின்றுவந்தான். அவனுக்கே அதனை ஈய எண்ணினோம்.

"கோயிற் கருவிக்கா நம் வீட்டு மரம்?" என்றார் சாச்சா.

"திருவரங்கத்தில் இருந்த சின்ன மௌலானா சாகிபு ஊதியது எதனைத் தம்பி? 1998இல் சங்கீத கலாநிதி விருது அளித்தார்களே!" என்றார் உம்மா.

சாச்சா வாளாவிருந்தார். மரம் நரசிங்கம்பேட்டை சென்றது.

ஓராண்டின் பின், புதுக் கருவியுடன் மாணவன் எம் இல்லம் வந்து ஊதினான். சாச்சா கண்மூடிக் கேட்டார். அஸர் தொழுகைக்கு எழுந்தவர், "வாப்பாவின் வீடு இன்னும் இடியவில்லை" என்றார்.

விற்றிருந்தால் விலை மட்டுமே எஞ்சியிருக்கும்.