கணனியின் முனகல்

வாயில்லாப் பொருளொன்று ஓசை எழுப்பினால், அதற்குக் காரணம் கற்பிக்காதிருக்க மனிதனால் முடிவதில்லை. 2011இல் எங்கள் பாடசாலை அலுவலகத்துப் பழைய கணனி முனகத் தொடங்கியபோது ஆசிரியர் அறையில் பிறந்த விளக்கங்களைத் தொகுத்தால் ஒரு சிறு நூலாகும்.

உள்ளே முனி புகுந்துவிட்டது, எலுமிச்சம்பழம் வெட்ட வேண்டும் என்றார் சமய ஆசிரியர். விடை வராத கணக்கொன்றுடன் அது பல்லைக் கடிக்கிறது என்றார் கணித ஆசிரியர். "சோம்பல்! நாலு அடி போட்டால் வழிக்கு வரும்" என்று தீர்ப்பளித்த மூத்தவர், நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் அதே வைத்தியத்தையே செய்துவந்தவர். லிகிதர் மட்டும் பதிவேட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே, "வேலை கூட, ஆள் குறைவு" என்றார்.

எல்லோரும் சிரித்தோம். ஆயினும் லிகிதரின் பகிடியே உண்மைக்கு அண்மையில் நின்றது. வேலை மிகும்போது கணனி சூடேறுகிறது. சூட்டைத் தணிக்க விசிறி விரைந்து சுழல்கிறது. தூசி அடைத்துவிட்டால் அதே வேலைக்கு இன்னும் விரைந்து சுழன்று இரைகிறது. அந்தத் தூசியைத் துடைக்க எவரும் நியமிக்கப்படவில்லை என்பது வேறு கதை.

கணனியின் சில ஓசைகள் மனிதன் திட்டமிட்டு அமைத்தவை. 1981இல் வெளிவந்த ஐபிஎம் தனியாள் கணனி, பரிசோதனையில் குறையேதும் இல்லையெனில் ஒருமுறை குறுகி ஒலிக்கும். நீண்ட ஒலி ஒன்றும் குறுகிய ஒலி இரண்டும் கேட்டால் திரைப்பகுதியில் பழுது. இதை அறியாதவனுக்கோ அதுவும் பல்லி சொன்ன பலன்தான்.

எங்கள் கணனியில் இரைச்சலோடு 'டிக், டிக்' என்றொரு ஓசையும் சேர்ந்திருந்தது. வன்தட்டு நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 தடவை சுழல்வது. அதன்மேல், தலைமயிரின் தடிப்பிலும் ஆயிரக்கணக்கான மடங்கு சிறிய இடைவெளியில், வாசிக்கும் முனை மிதக்கிறது. தன் தடத்தைக் காணாத முனை மீண்டும் மீண்டும் தொடக்கத்துக்குத் திரும்பித் தேடும் ஓசையே அது. அவ்வேளை பெட்டியில் ஓங்கி அடித்தால் முனை தட்டைக் கீறிவிடக்கூடும்; கீறிய இடத்தில் இருந்தது போனதுதான்.

அங்கே இருந்தவை, இடம்பெயர்ந்து வந்த பிள்ளைகளின் விபரங்கள். அவர்களிற் பலரிடம் வேறு பத்திரம் எதுவும் இருக்கவில்லை.

பிற்பகல் முழுவதும் லிகிதரும் உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தியும் ஒவ்வொரு கோப்பாகப் பிரதி எடுத்தார்கள். பெட்டியை எந்த ஆசிரியரும் தட்டிவிடாதபடி நாலாம் வகுப்புப் பையன் ஒருவன் காவல் நின்றான். மூன்றாம் நாள் 'டிக்' ஓசை நின்றது. தட்டும் அத்துடன் நின்றது.