கந்தோரைக் காலி செய்தவர்கள்

ஒல்லாந்தர் எமக்கு விட்டுச்சென்ற சொற்களில் கந்தோரும் ஒன்று. யாழ்ப்பாணத்து முதியவர்கள் பலருக்கு அலுவலகம் என்ற சொல் வாயில் வராது. எனது பத்திரிகை வாழ்வில் கந்தோர் மூன்று தடவைகள் இடம்மாறியது. ஒவ்வொரு தடவையும் பழைய கட்டடத்துக்குப் பிரியாவிடைக் கட்டுரை எழுத ஆசிரிய பீடத்தில் எவராவது இருந்தார். அந்தக் கட்டடத்தின் உள்ளடக்கத்தைத் தோளில் சுமந்து வெளியே கொண்டுவந்தவர்களைப் பற்றி ஒரு வரியேனும் அச்சேறியதாக எனக்கு நினைவில்லை.

முதல் தடவை காலி செய்யப்பட்டது அச்சுக்கூடம். ஈய எழுத்துக்களைக் கையால் கோத்த காலம் முடிவுக்கு வந்திருந்தது. அச்செழுத்து என்பது ஈயமும் வெள்ளீயமும் அன்ரிமனியும் கலந்த உலோகம். ஈயம் தண்ணீரைவிடப் பதினொரு மடங்கு பாரமானது. தேயிலைப் பெட்டியொன்றில் எழுத்துக்களை அரைவாசிக்கு நிரப்பினாலே ஒருவரால் அசைக்க முடியாது. பாரத்தைவிடவும் கவலைக்குரியது தூசு. அறைகள் பிரித்த மரத்தட்டுகளின் அடியில் பல ஆண்டுகளின் சாம்பல்நிறத் தூசு படிந்திருந்தது. வந்த தொழிலாளர்கள் அந்தத் தட்டுகளைக் கவிழ்த்துத் தட்டினார்கள், வாயால் ஊதினார்கள், மதியம் ஆனதும் அதே கைகளால் சோற்றுப் பார்சலை அவிழ்த்தார்கள். பால் குடித்தால் ஈயம் இறங்கிவிடும் என்பது எமது அச்சுக்கோப்பாளர்களின் நீண்டகால நம்பிக்கை. உண்பதற்கு முன்னர் சவர்க்காரமிட்டுக் கைகழுவுவது அந்தப் பாலைவிட எவ்வளவோ மேலானது. ஆனால் கழுவுவதற்கான தண்ணீர்க்குழாய் அதற்கு முதல் நாளே துண்டிக்கப்பட்டிருந்தது. கட்டடத்தை ஒப்படைக்கும் திகதி நெருங்கிவிட்டதாம்.

இரண்டாவது இடமாற்றம் 1994இல் நிகழ்ந்தது. மூன்றாம் மாடியிலிருந்த ஆசிரிய பீடம் இறங்கவேண்டும். மின்தூக்கி கிடையாது. புறக்கோட்டையிலிருந்து நாட்டாமைகள் ஆறுபேர் லொறியுடன் வந்தார்கள். நாட்டாமை என்றால் தமிழகத்து வாசகர்களுக்கு ஆலமரத்தடியும் சொம்பும் நினைவுக்கு வரக்கூடும். கொழும்பில் அந்தச் சொல் மூட்டை சுமப்பவரைக் குறிக்கும். சொற்களுக்கும் இப்படி இறங்குமுகம் உண்டு போலும்.

கோப்புகள் வைக்கும் இரும்பு அலுமாரிகளில் ஒன்றின் திறப்பு காணாமற் போயிருந்தது. அதனைத் திறந்து வெறுமையாக்க எவரும் மினக்கெடவில்லை. 500 தாள்கள் கொண்ட ஏ4 கட்டு ஒன்று இரண்டரைக் கிலோ. நான்கு இழுப்பறைகளும் நிரம்பியிருந்தால், இரும்பின் எடையையும் சேர்த்து அந்த அலுமாரி 150 கிலோவை எட்டுவதில் வியப்பில்லை. இரண்டாம் மாடித் திருப்பத்தில் அதனைச் சரித்தபோது பூட்டுத் தெறித்தது. மேல் இழுப்பறை வெளியே பாய்ந்தது. பாரம் ஒரே கணத்தில் முன்னால் விழ, கீழ்ப்படியில் நின்று தாங்கியவரின் வலதுகை சுவருக்கும் இரும்புக்கும் நடுவே அகப்பட்டது. ஹற்றன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்தவர். வயது ஐம்பதுக்கு மேல். இரண்டு விரல்களை அவர் இழந்தார்.

அவர் யாருடைய தொழிலாளி என்ற கேள்வி அன்று மாலையே எழுந்தது. வேலையை ஒப்பந்தகாரரிடம் கொடுத்துவிட்டோம் என்றது நிர்வாகம். நான் லொறி மட்டுமே பேசியனுப்பினேன் என்றார் ஒப்பந்தகாரர். அவராகத்தான் வந்து ஏறினார் என்றார் லொறிச் சாரதி. வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934 முதல் எமது நாட்டில் இருக்கிறது. ஆனால் நட்டஈடு கோருவதற்கு முதலில் எசமான் ஒருவர் வேண்டும். பெயரற்ற ஒருவர் ஒரு நாள் கூலிக்கு வந்தால் அந்த எசமானை எங்கே தேடுவது?

இன்னொரு விசித்திரத்தையும் குறிப்பிடவேண்டும். 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் அச்சுக்கூடத்தைத் தொழிற்சாலையாகக் கருதுகிறது. அதன் பார்வை மேல்மாடி ஆசிரிய பீடத்தை எட்டாது. 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம் பெரும்பாலும் வேலைநேரம், விடுமுறை, சம்பளம் பற்றியே பேசுகிறது. ஆக, கீழ்மாடியில் இயந்திரத்தில் கை அகப்பட்டிருந்தால் ஒரு பரிசோதகர் வந்திருக்கக்கூடும். படிக்கட்டில் அகப்பட்டதால் எவரும் வரவில்லை. நான் எட்டு வரிச் செய்தியொன்றை எழுதிக் கொடுத்தேன். "எங்கட வீட்டுச் சங்கதியை எங்கட பேப்பரிலேயோ?" என்று சிரித்தபடி அது ஒதுக்கிவைக்கப்பட்டது. சக ஊழியர்கள் பணம் திரட்டி அவரிடம் கொடுத்தோம்.

மூன்றாவது தடவையின்போது காகிதம் குறைந்து கணனி பெருகியிருந்தது. ஆபத்துக்களும் உருமாறியிருந்தன. பழைய பெட்டி வடிவத் திரைகளின் கண்ணாடியில் ஈயம் உண்டு. உள்ளே இருக்கும் செப்புச் சுருளுக்காக அவற்றைச் சுத்தியலால் உடைப்பார்கள். ரியூப் மின்குமிழ்களில் பாதரசம் இருக்கிறது. உடைந்தால் யன்னல்களைத் திறந்துவிட்டுச் சற்று நேரம் விலகி நிற்கவேண்டும், தும்புத்தடியால் கூட்டக்கூடாது. நாங்கள் கண்டதோ, ஆயுளை முடித்த குமிழ்களை விறகுபோலக் கட்டி லொறிக்குள் எறிந்த காட்சி. பின்கட்டின் கூரை அஸ்பெஸ்டஸ் தகடுகளால் ஆனது. நீல அஸ்பெஸ்டஸ் இலங்கையில் 1987இலேயே தடைசெய்யப்பட்டது. வெள்ளை வகை பல்லாயிரம் வீடுகளின் கூரையாக நிலைத்துவிட்டது. தகடு முழுமையாக இருக்கும்வரை பெரும் தொல்லையில்லை. அதை உலர்ந்த நிலையில் உடைக்கும்போதுதான் கண்ணுக்குத் தெரியாத இழைகள் காற்றில் கலந்து நெஞ்சுக்குள் போகின்றன. நனைத்து, உடையாமல் கழற்றி இறக்கவேண்டும். அதற்கு நேரம் செல்லும். நேரத்துக்குப் பணம் பேசப்பட்டிருக்கவில்லை.

காலி செய்த குப்பை எங்கே போகிறது என்பதை 2017 வரை கொழும்பில் அதிகமானோர் கேட்டதில்லை. அந்த ஆண்டு ஏப்ரல் 14ஆம் திகதி, புத்தாண்டு தினத்தன்று, மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து வீடுகளை மூடியது. முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். எமது கந்தோரின் உடைந்த நாற்காலிகளும் அந்த மலையில் எங்காவது புதைந்திருக்கலாம்.

எமது முன்னாள் அச்சுக்கோப்பாளர் ஒருவர், ஈயம் விடைபெற்றபின் பக்கம் ஒட்டும் வேலை பார்த்தவர், 1996இல் இலண்டனுக்குப் புலம்பெயர்ந்தார். அங்கே அவருக்குக் கிடைத்த தொழில் கந்தோர்களைக் காலி செய்வது! சில காலத்துக்கு முன்னர் தொலைபேசியில் பேசினார்.

"அண்ணை, இங்க பெட்டி தூக்கிறதுக்கும் வகுப்பு எடுக்கிறாங்கள். இரும்பு முனை வைச்ச சப்பாத்து, கையுறை எல்லாம் தந்திட்டுத்தான் உள்ள விடுவாங்கள். அலுமாரியைத் திறந்து வெறுமையாக்காமல் தொடவே விடமாட்டாங்கள்."

ஆண் ஒருவர் இடுப்பளவில், உடலோடு அணைத்துத் தூக்குவதற்கு அங்கே 25 கிலோவை வழிகாட்டி அளவாகக் கொள்கிறார்கள். உயரம் கூடினாலோ கை நீண்டாலோ அளவு குறையும். அதேவேளை, விசா இல்லாமல் கைக்காசுக்கு வேலைசெய்யும் எங்கள் பெடியளுக்கு வகுப்புமில்லை, சப்பாத்துமில்லை என்றும் அவர் சொன்னார். அவர்களை எடுப்பது பெரும்பாலும் எங்கள் ஆட்களேதானாம். இலண்டன் என்றவுடன் எல்லாம் ஒழுங்கு என்று எண்ணிவிடக்கூடாது.

பேச்சின் முடிவில், "அந்த விரல் போன ஐயாவுக்குப் பிறகு நிர்வாகம் ஏதும் குடுத்ததோ?" என்று கேட்டார்.

இல்லை என்றேன். அடுத்த ஆண்டு அவர் கந்தோர் வாசலுக்கு வந்து, விபத்து நடந்ததற்குச் சாட்சியாக ஒரு கடிதம் கேட்டார். எழுதி, கையொப்பமிட்டு, திகதியும் போட்டுக் கொடுத்தேன். இடது கையால் அதை வாங்கி, நான்காக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனவரை அதன்பின் நான் காணவில்லை.