மாமல்லபுரத்திலே ஆறு பேர்

எங்கள் வீட்டுக் கூடத்தில் என் மாமியாரின் படம் மாட்டியிருக்கிறது. சந்தனப் பொட்டும் மாலையுமாக லட்சணமாகத்தான் இருக்கிறது. ஆனால் அது அவர் மாதிரியே இல்லை!

2019-ல் அவர் காலமானபோது, பதினாறாம் நாள் காரியத்துக்குப் படம் வேண்டுமென்று வீட்டையே புரட்டினோம். நாலு பிள்ளைகளையும் ஒன்பது பேரன் பேத்திகளையும் பார்த்தவருக்குத் தனியாக ஒரு நல்ல படம் கிடையாது. கடைசியில் ஒரு கல்யாணக் குரூப் போட்டோவிலிருந்து அவரை மட்டும் வெட்டியெடுத்து, பெரிசாக்கித் தந்தார் ஸ்டூடியோக்காரர். கண்கள் மங்கலாக இருக்கின்றன. தோளோரத்தில், பக்கத்தில் நின்ற யாரோ ஒருவரின் ஜரிகைக் கரை இன்னமும் கொஞ்சம் தெரிகிறது.

"பாட்டி இப்படியா இருப்பாங்க?" என்று என் பெண் கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் வீட்டிலே காமிரா இருந்தது! என் கணவர் ஆசையாக வாங்கித் தந்தது. எடுக்கிற படமெல்லாம் ஆட்டம் கண்டு போவதால், துணியிலே சுற்றி பீரோவிலே வைத்துவிட்டேன்.

ஊரிலே என் அம்மாவுக்கும் வயது ஏறிக்கொண்டே போகிறது. இன்னொரு முறை இப்படி ஆகக் கூடாது, எப்படியாவது கற்றுக்கொண்டு விடவேண்டும் என்று தீர்மானித்தேன். அப்படிக் கிளம்பி, ஒரே ஊருக்கு இரண்டு தடவை போய், ஒன்றிலே ஏமாந்து, ஒன்றிலே கற்றுக்கொண்டு வந்த கதைதான் இது. உங்களில் யாருக்காவது உபயோகப்படும் என்றுதான் எழுதுகிறேன்.

முதல் தடவை

2023 ஜனவரியில் ஒரு விளம்பரம் பார்த்தேன். ஒரே நாளில் போட்டோ பயிற்சி, இடம் மாமல்லபுரம், கட்டணம் 700 ரூபாய். "பரவாயில்லையே, மலிவாக இருக்கே!" என்று பணத்தைக் கட்டிவிட்டேன். எத்தனை பேர் வருவார்கள் என்று கேட்கத் தோன்றவே இல்லை.

விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, இட்லி ஊற்றி வைத்து, சட்னிக்கு அரைத்து மூடி வைத்துவிட்டு, தாம்பரத்திலிருந்து வேனில் போய் இறங்கினால்... முப்பத்தைந்து பேர்! கற்றுக் கொடுப்பவர் ஒருவர். அவர் கையில் மைக்.

நல்ல மனிதர், விஷயம் தெரிந்தவர். அதிலே சந்தேகமே இல்லை. அப்பர்ச்சர், ஷட்டர், ஐ.எஸ்.ஓ. என்று அரை மணி நேரம் பொழிந்தார். பின்வரிசையில் நின்ற எனக்குக் கடல் காற்றிலே பாதி கேட்டது, பாதி பறந்தது. எழுந்த சந்தேகத்தை முப்பத்துநாலு பேர் நடுவிலே கேட்கக் கூச்சம். "இதுகூடத் தெரியாமலா வந்தாங்க?" என்று நினைப்பார்களே!

அப்புறம் கடற்கரைக் கோயிலுக்குப் போனோம். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் எழுப்பிய கோயில். நாங்கள் எல்லோரும் உள்ளே நுழைந்த மேற்குப் பக்கத்திலேயே திமுதிமுவென்று நின்றுவிட்டோம். என் படத்திலே கோயில் கோபுரத்தைவிட மனிதர்களின் பின்னந்தலைதான் அதிகம். கோபுரமும் கரிக்கட்டை மாதிரிக் கறுப்பாக விழுந்தது. யாரிடம் கேட்பது? அவரோ எங்கேயோ கூட்டத்துக்கு நடுவில் இருந்தார்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் இருநூறு படம். உருப்படியாக ஒன்றுகூட இல்லை. "உன் கை நடுங்குதும்மா, அதான்" என்றார் என் கணவர். நானும் அப்படித்தான் நம்பினேன். காமிரா மறுபடியும் பீரோவுக்குள்ளே போனது.

கணக்குப் போட்டுப் பார்த்தேன்

ஒருநாள் காய்கறிக் கணக்கு எழுதும்போது இதையும் எழுதிப் பார்த்தேன். மொத்த வகுப்பு இரண்டு மணி நேரம். அதிலே பேச்சு அரை மணி. மீதி 90 நிமிஷம். 90-ஐ 35-ஆல் வகுத்தால் ஆளுக்கு இரண்டரை நிமிஷம்! அந்த இரண்டரை நிமிஷமும் எனக்குக் கிடைக்கவில்லை என்பது வேறு விஷயம். கிடைத்திருந்தாலும், 700 ரூபாயை அதிலே வகுத்தால் நிமிஷத்துக்கு 280 ரூபாய்.

கத்தரிக்காய் கிலோ என்ன விலை என்று நாலு கடை ஏறி இறங்குகிற நான், நிமிஷம் என்ன விலை என்று கேட்காமல் போனேனே!

அதனால் அந்த வருஷ டிசம்பரில் இன்னொரு வகுப்பைப் பற்றிக் கேள்விப்பட்டதும், முதலில் நான் கேட்ட கேள்வியே, "எத்தனை பேர்?" என்பதுதான். "ஆறு பேருக்கு மேலே எடுக்கிறதில்லைங்க" என்று பதில் வந்தது. கட்டணம் 2,200 ரூபாய். கொஞ்சம் திக்கென்றுதான் இருந்தது. ஆனால் மூன்று மணி நேரம், ஆறு பேர். ஆளுக்கு அரை மணி. நிமிஷத்துக்கு ஏறக்குறைய 73 ரூபாய். இப்போது சொல்லுங்கள், எது மலிவு?

இரண்டாம் தடவை

அதே ஊர், அதே விடிகாலை. கற்றுக் கொடுத்தது முப்பது வயதுப் பெண். வங்கியில் ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், கல்லூரிப் பெண்கள் இரண்டு பேர், ஒரு பல் டாக்டரம்மா, கடை வைத்திருக்கும் இளைஞர் ஒருவர், அப்புறம் நான். டீ குடிப்பதற்குள் எல்லோருக்கும் எல்லோர் பேரும் தெரிந்துவிட்டது.

முதல் படத்தை எடுத்ததும் அந்தப் பெண் என் காமிராவை வாங்கிப் பார்த்தாள். "அக்கா, உங்க கையிலே ஒண்ணும் கோளாறு இல்லே. வெளிச்சம் பத்தலை. ஷட்டர் ஒரு செகண்டிலே பத்திலே ஒரு பங்கு நேரம் திறந்தே கிடக்குது. அவ்வளவு நேரம் யார் புடிச்சாலும் ஆடத்தான் செய்யும்" என்றாள். ஐ.எஸ்.ஓ.வை 1600-க்கு ஏற்றினாள். ஷட்டர் 125-ல் ஒரு பங்குக்கு வந்தது. "இப்ப எடுங்க" என்றாள்.

அப்புறம் என் கையைப் பார்த்தாள். நான் முழங்கை இரண்டையும் விரித்து, காமிராவை இரண்டு பக்கமும் பிடித்திருந்தேன். "இடது கையை லென்சுக்கு அடியிலே கொடுங்கக்கா. பச்சைக் குழந்தையைத் தூக்கும்போது கழுத்துக்கு அடியிலே கை கொடுப்போம் இல்லே, அது மாதிரி. முழங்கையை விலாவோட ஒட்டிக்குங்க. மூச்சை விட்டுட்டு, மெதுவா அழுத்துங்க."

அவ்வளவுதான்! படம் கல்லிலே செதுக்கின மாதிரி நின்றது. இரண்டு பிள்ளைகளை இந்தக் கையால் ஏந்தி வளர்த்தவள் நான். எனக்கு இதை யாராவது சொல்ல வேண்டியிருந்தது. சொல்லுவதற்கு என் கையைப் பார்க்க வேண்டியிருந்தது. முப்பத்தைந்து பேர் இருந்தால் யார் கையை யார் பார்ப்பது?

கோயில் கறுப்பாக விழுந்த மர்மமும் அன்றைக்குத்தான் தெரிந்தது. கடற்கரைக் கோயிலின் பெரிய சந்நிதி கிழக்கே கடலைப் பார்த்தது. காலையில் மேற்கே நின்று எடுத்தால் சூரியன் கோயிலுக்குப் பின்னாலே இருக்கும். நம் பக்கம் நிழல்தானே! ஆறு பேரும் சுற்றிக்கொண்டு கிழக்குப் பக்கம் போனோம். கல்லெல்லாம் பொன் பூசினாற்போல் இருந்தது. உப்புக் காற்று அரித்த சிற்பங்களின் மேடு பள்ளம்கூடத் தெளிவாக விழுந்தது.

அங்கிருந்து அர்ச்சுனன் தபசுக்குப் போனோம். சுமார் 30 மீட்டர் அகலப் பாறையில் யானைகளும் முனிவர்களும் கங்கையுமாக நிறைந்து கிடக்கிறது. மற்றவர்கள் யானையைப் பார்க்க, நான் முன்னங்கால்களைத் தூக்கித் தவம் செய்கிற கள்ளப் பூனையையும், அதை நம்பிக் காலடியில் திரிகிற எலிகளையும் தேடிப் பிடித்தேன். பக்கத்திலேயே கல்லிலே ஒரு குரங்குக் குடும்பம். தாய்க் குரங்கு குட்டிக்குப் பால் கொடுக்க, ஆண் குரங்கு அதற்குப் பேன் பார்க்கிறது. ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முன்னாலேயே பெண்டாட்டிக்கு ஒத்தாசை செய்த புருஷன்! பார்க்கப் பார்க்க அலுக்கவில்லை.

அந்தக் குரங்கை ஆறு பேரையும் எடுக்கச் சொன்னாள். அப்புறம் டிபன் சாப்பிடுகிற இடத்தில் ஆறு காமிராவையும் வரிசையாக வைத்துப் பார்த்தோம். குரங்கு ஒன்று, படம் ஆறு விதம்! பெரியவர் படத்திலே தரை சாய்ந்திருந்தது. கல்லூரிப் பெண் ஒருத்தி குட்டியின் கையை மட்டும் எடுத்திருந்தாள். எனக்கு அது தோன்றவே இல்லை. என் படத்திலே பின்னால் ஒரு தண்ணீர் பாட்டில்! பிறத்தியார் தப்பிலிருந்தும் கற்கலாம், பிறத்தியார் சாமர்த்தியத்திலிருந்தும் கற்கலாம் என்று அப்போது புரிந்தது.

அதனால்தான், ஒரே ஒருவருக்குத் தனியாகச் சொல்லித் தருகிற வகுப்பு எல்லாவற்றிலும் உசத்தி என்றும் நினைத்துவிடாதீர்கள். அதிலே ஒப்பிட்டுப் பார்க்க இன்னொருவர் படம் இராது. விடிகாலையில் முன்பின் தெரியாத ஒருவரோடு கடற்கரையில் தனியே நிற்பதும் நமக்குச் சங்கடம். ஓர் ஆசிரியருக்கு ஆறிலிருந்து எட்டுப் பேர் என்பது என் கணக்கு. பன்னிரண்டு பேர் என்றால் இரண்டு ஆசிரியர் வேண்டும். பெரிய கூட்டம் கெட்டது என்றும் சொல்லமாட்டேன். காமிராவிலே ஓரளவு பழகி, நாலு பேரோடு ஊர் சுற்றிப் படம் எடுத்து வரவேண்டும் என்பவர்களுக்கு அது சந்தோஷமான விஷயம்தான். ஆனால் அரிச்சுவடி படிக்கப் போகிறவளுக்கு அது ஆகாது.

பணம் கட்டுமுன்...

கூச்சப்படாமல் கேளுங்கள், சகோதரிகளே! மொத்தம் எத்தனை பேர்? சேர்ந்தவர் அதிகமானால் அந்த எண்ணிக்கையைத் தாண்டுவார்களா? ஆசிரியர் எத்தனை? பேச்சு எவ்வளவு நேரம், கையில் காமிராவோடு எவ்வளவு நேரம்? எடுத்த படங்களை உட்கார்ந்து பார்த்துச் சொல்வார்களா? வேறு பெண்கள் வருகிறார்களா? கழிப்பறை வசதி எங்கே? எத்தனை மணிக்கு வீடு திரும்பலாம்? நேராகப் பதில் சொல்லாமல் மழுப்பினால் விட்டுவிடுங்கள்.

மாமல்லபுரம் போனால் பருத்திப் புடவையோ சுடிதாரோ கட்டிக்கொள்ளுங்கள். காலுக்குச் சட்டென்று கழற்றி மாட்டுகிற செருப்பு நல்லது. மணல் பறக்கிற இடத்தில் லென்சைக் கழற்றாதீர்கள். வீடு வந்ததும் உப்புக் காற்று பட்ட காமிராவை உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்து வையுங்கள். மூன்று கால் ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு போகவேண்டாம்; தொல்லியல் துறையின் சின்னங்களுக்குள் அதை வைக்க அனுமதி வாங்கவேண்டும். காமிரா இல்லையே என்று தயங்கவும் வேண்டாம். வெளிச்சம் எந்தப் பக்கம், முழங்கை எந்தப் பக்கம் என்பதெல்லாம் செல்போனுக்கும் பொருந்தும்.

2024 பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். அம்மாவுக்கு எழுபத்தொன்பது. பின்கட்டுத் திண்ணையில், காலை வெயில் பக்கவாட்டில் விழுகிற இடமாகப் பார்த்து உட்காரச் சொன்னேன். "கிழவியை என்னத்துக்குடி படம் புடிக்கிறே?" என்று மொச்சை உரித்துக்கொண்டே சிரித்தாள். இடது கையை லென்சுக்கு அடியிலே கொடுத்து, மூச்சை விட்டு, மெதுவாக அழுத்தினேன்.

பெரிசாகப் பிரிண்ட் போட்டு அனுப்பினேன். மறுநாள் போன் செய்தாள். "நான் இப்படித்தான் இருக்கேனாடி? பொக்கை வாய்கூடத் தெரியுதே!" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "நல்லாத்தான் இருக்கு. பத்திரமா வச்சுக்க. அப்புறம் தேட வேணாம்" என்றாள்.

எனக்குப் பதில் பேச வரவில்லை. இன்றைக்கும் அவள் நன்றாக இருக்கிறாள். நானும் போகும்போதெல்லாம் எடுத்துக்கொண்டே இருக்கிறேன். என் காமிரா இப்போது பீரோவில் இல்லை. சமையலறை அலமாரியில், கை எட்டுகிற இடத்தில் இருக்கிறது.